வேறு கிளைகள் கிடையாது

கேள்வி: யூத, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பழம்பாடல்களைச் சேர்த்துப் பாடிய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன். மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இதில் ஒரிஜினல் யாருடையது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: திருநெல்வேலிக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். உங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுகிற அல்வாக் கடைப் பலகைகளில் பாதி ‘ஒரிஜினல்’, மீதி ‘உண்மையான ஒரிஜினல்’. கீழே பொடி எழுத்தில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’. சாப்பிடுகிறவனுக்குத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனால் போதும். பலகை மாட்டுகிறவனுக்குத்தான் வம்சாவளி தேவைப்படுகிறது. நீங்கள் சொல்லும் மூன்று மதங்களும் வேறு கிளைகள் கிடையாது என்றுதான் பலகை மாட்டியிருக்கின்றன. பாடகர்கள் மட்டும் அந்தப் பலகையைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒபதியா என்று ஒருவர் இருந்தார். தெற்கு இத்தாலியின் ஒப்பிதோவில் நார்மன் குடும்பத்தில் ஜொஹான்னஸ் என்ற பெயரோடு பிறந்து, 1102இல் யூதராக மாறியவர். அலெப்போ, பாக்தாத் என்று அலைந்து எகிப்து போய்ச் சேர்ந்தார். அவர் கைப்பட எழுதிய ஹீப்ரு துதிப்பாடல் தாள்கள் பிற்காலத்தில் கெய்ரோவில் யூத ஜெபக்கூடம் ஒன்றின் பழந்தாள் கிடங்கிலிருந்து வெளிவந்தன. பாடல் ஹீப்ரு. கூடவே இருப்பதோ தெற்கு இத்தாலியத் தேவாலயப் பாடகர்களின் சுரக்குறிகள். ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போவதால், குறிகளையும் மனிதர் வலமிருந்து இடமாகவே ஓட்டியிருக்கிறார். ஹீப்ருப் பாடலுக்கு இசைக்குறியோடு கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது இதுதான். மெட்டு ஜெபக்கூடத்துடையதா, தேவாலயத்துடையதா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர் கற்ற எழுத்து, யூதரின் துதி, முஸ்லிம் கலீஃபாக்கள் ஆண்ட ஊர். அந்தத் தாளை எந்த ஓரத்திலிருந்து கிழித்தால் உங்கள் ஒரிஜினல் தனியாக வரும்?

அலெப்போ மரபு யூதர்கள் ஓய்வுநாள் வழிபாட்டில் அந்த வார வேதப் பகுதிக்குப் பொருத்தமான ஓர் அரபு மகாமை, நம் ராகம் மாதிரி ஒன்றை, தேர்ந்துகொண்டு பாடுவார்கள். சோகமான பகுதி என்றால் ஹிஜாஸ். கெய்ரோவில் குர்ஆன் ஓதும் காரியும் அதே மகாம்களில்தான் ஓதுகிறார். அவரிடம் போய் ‘நன்றாகப் பாடினீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது ஓதுதல், பாட்டு இல்லை.

உங்கள் இசைத்தட்டின் உறையில் ஒரு மூரும் (அந்தக் கால ஸ்பெயின் முஸ்லிம்) ஒரு கிறிஸ்தவரும் அருகருகே உட்கார்ந்து நரம்புக்கருவி வாசிக்கும் படம் இருக்குமே? இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுப்பித்த மரியன்னைப் பாடல்களின் சுவடியில் உள்ள படம் அது. 400க்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றின் மெட்டுகள் அரபு இசைதான் என்று 1922இல் ஸ்பெயினின் அரபியறிஞர் ஹூலியான் ரிபேரா சாதிக்கப்போய்ப் பெரிய சண்டையே மூண்டது. இருக்கட்டும். அதே தொகுப்பின் நான்காம் பாடல் என்ன சொல்கிறது தெரியுமா? தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வாங்கிவிட்ட சொந்த மகனை ஒரு யூதக் கண்ணாடித் தொழிலாளி உலையில் தூக்கிப் போடுகிறான். மரியன்னை பிள்ளையைக் காப்பாற்ற, ஊரார் தகப்பனை அதே உலையில் போட்டு எரிக்கிறார்கள். இந்தப் படத்தை எவரும் உறையில் அச்சடிப்பதில்லை. பக்கத்து வீட்டு மெட்டை வாங்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரனையும் நேசித்தார்கள் என்பது இசைவிழா அமைப்பாளர்களின் கற்பனை. மெட்டு நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். மத நல்லிணக்கக் கச்சேரிகளுக்கு அழைப்பு வந்தபோதெல்லாம் மேடையில் இதைச் சொன்னேன். இப்போது அழைப்பு வருவதில்லை.

எடுத்துக்கொண்டவர்களில் ராஜா, இஸ்ரேல் நஜாரா. டமாஸ்கஸ்காரர், யூதக் கவி. 1587இல் கலிலேயாவின் சஃபேத் நகரில் அவர் அச்சிட்ட ஹீப்ரு துதிநூலில், எந்தத் துருக்கி அல்லது அரபிப் பாட்டின் மெட்டில் பாடவேண்டும் என்ற குறிப்பு பாட்டுக்குப் பாட்டு தலைப்பிலேயே இருக்கும். மெட்டோடும் விடவில்லை. ‘சாகிறேன் என் உயிரே’ என்று புலம்பும் ஸ்பானிஷ் காதல் பாட்டின் முதல் வரி போலவே காதில் விழும்படி ஹீப்ருச் சொற்களைக் கோத்து இறைவனுக்குப் படைத்தார். அதே காலத்து யூத அறிஞரும் கவியுமான மெனஹெம் தெ லொன்சானோ கொதித்துப்போனார்: வழிபடுகிறவன் மனம் காதலியிடம் அல்லவா போய் நிற்கும்! அப்படிக் கொதித்த லொன்சானோவும் தம் துதிகளைத் துருக்கி மெட்டுகளில்தான் எழுதினார். நொறுங்கிய உள்ளத்துக்கு அந்த மெட்டுகளே பொருத்தம் என்று சமாதானமும் சொன்னார்.

நான் லொன்சானோ கட்சி. ஆடி மாதம் தெருமுனை ஒலிபெருக்கியில் சினிமா மெட்டு அம்மன் பாட்டு தொடங்கினால் ஜன்னலைச் சாத்துகிறவன். இதே பக்கத்தில் அதைத் திட்டி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. நஜாராவைக் காட்டி இனி யாரும் என்னை மடக்கவேண்டாம். அவர் யாப்பு அறிந்தவர். அயல்மொழி வரியின் ஓசை பிசகாமல் சொந்த மொழியில் வரி கட்டியவர். நம் ஆட்கள் ‘கண்ணே’ வருகிற இடத்தில் எல்லாம் ‘தாயே’ போடுகிறார்கள். அடுத்த அடியில் ‘இடுப்பு’ அப்படியே நிற்கிறது.