காரணம் எந்தப் பக்கம் நிற்கிறது?

கேள்வி: சளிக்கு ஒரு மாத்திரை போட்டேன், ஒரு வாரத்தில் குணம். "தற்செயல்" என்கிறான் மகன். அனுபவத்தைவிடப் பெரிய சான்று உண்டா?

சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே விலகிவிடும். அதோடு, தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சம் தாண்டினால் இறக்கம்தான். அந்த இறக்கத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சரிபார்க்க நான்கு எண்கள் வேண்டும்: மாத்திரை போட்டவர்களில் ஒரு வாரத்தில் குணமானவர், ஆகாதவர்; போடாதவர்களில் குணமானவர், ஆகாதவர். போட்ட 40 பேரில் 30 பேருக்குக் குணம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போடாத 20 பேரில் 15 பேருக்குக் குணமாகியிருந்தால்? இரண்டு பக்கமும் 75 சதவீதம். மாத்திரையால் பயன் எதுவும் தெரியவில்லை. போடாதவர்களில் 6 பேர்தான் தேறினார்கள் என்றால் நிலைமை வேறு. அப்போதும் இரு தரப்புக்கும் நோயின் கடுமை ஏறக்குறைய ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். நம் நினைவில் தங்குவதோ அந்த 30 பேர் மட்டுமே.

நீங்கள் குணமானது உண்மை. 'மாத்திரையால்' என்பதற்குத்தான் இன்னும் சான்று இல்லை. உங்கள் மகனும் 'தற்செயல்' என்று அடித்துச் சொல்ல முடியாது. அவருக்கும் இதே நான்கு எண்கள் தேவை.

கேள்வி: வாதப் பிழைகளை வகைப்படுத்துவது மேல்நாட்டு வழக்கமா?

அரிஸ்டாட்டில் 13 வகைகளைச் சொன்னார். தமிழில் மணிமேகலையின் 29-ஆம் காதை ஏதுப் போலி (காரணம்போலத் தோன்றி, முடிவை நிறுவாதது) மட்டுமே 14 என்று விரிக்கிறது. அதில் ஒன்று இன்றும் நாள்தோறும் பயன்படும். 'ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது' என்கிறார் ஒருவர். குடமும் அறியப்படுகிறது, அது அழியும். ஆகாயமும் அறியப்படுகிறது, அதுவோ அழியாதது என்று கொள்ளப்பட்டது. இரண்டு பக்கமும் போய் நிற்கும் காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. ஆகவே யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும், 'முடிவு நேர்மாறாக இருந்தாலும் இதே காரணம் இருக்குமா?' என்று கேளுங்கள். மேலே சொன்ன மாத்திரைக் கணக்கும் இந்தக் கேள்விதான்.

கேள்வி: 'அவர் கமிஷனுக்காகப் பேசுகிறார்' என்று ஆளைச் சுட்டுவது எப்போதும் தவறா?

இல்லை. 'நானே பார்த்தேன், நம்புங்கள்' என்கிறவருக்கு அவரே சான்று. அங்கே கமிஷனைப் பற்றி விசாரிப்பது நியாயம், அவசியமும்கூட. அவர் ரசீதும் கணக்கும் காட்டினால் அவற்றைத்தான் சோதிக்க வேண்டும்; கமிஷன் வாங்குபவரின் கூட்டல் சரியாகவும் இருக்கலாம். அதே கணக்கை வேறொருவர் காட்டியதாக நினைத்துப் பாருங்கள்: உங்கள் ஆட்சேபம் மறைந்துவிட்டால், அது ஆளின் மீதான ஆட்சேபம் மட்டுமே. 'நீங்கள் மட்டும் பிடிக்கலாமா?' என்று அப்பாவைக் கேட்கும் மகனுக்கும் இதுவே பதில். அப்பா சிகரெட் பிடிப்பதால் நுரையீரலுக்குக் கேடு குறைவதில்லை.

கேள்வி: "சாப்பிடும்போது பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம்" என்றேன். "உலகமே தெரியாமல் வளரட்டுமா?" என்கிறார் கணவர். எப்படிப் பதில் சொல்வது?

நீங்கள் சொல்லாத ஒன்றை அவர் மறுக்கிறார். 'சாப்பிடும்போது' என்பது விழுந்து, 'எப்போதும்' என்பது நுழைந்துவிட்டது. பெரும்பாலும் இப்படித்தான்: 'சில' என்பது 'எல்லா' ஆகும், 'இப்போது' என்பது 'என்றைக்கும்' ஆகும். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல இறங்காதீர்கள். இறங்கினால் உங்களுடையதல்லாத கருத்தைக் காப்பாற்ற வேண்டிவரும். "சாப்பிடும் அரைமணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன், அதில் உங்களுக்கு என்ன தயக்கம்?" என்று உங்கள் வாக்கியத்துக்கே திரும்புங்கள். அவர் தயக்கத்தைச் சொன்னதும் அதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, "இதுதானே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரிப்பது இரண்டு பக்கமும் நடக்கும்.

கேள்வி: எதிராளியின் வாதத்தில் பிழை காட்டிவிட்டால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடுமா?

ஆகாது. 'பேட்டரி இறங்கினால் கார் கிளம்பாது; கார் கிளம்பவில்லை; ஆகவே பேட்டரிதான்' என்பது பிழையான வாதம். ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டாலும், எரிபொருள் தீர்ந்தாலும் கார் கிளம்பாது. ஆனாலும் குற்றம் உண்மையிலேயே பேட்டரியில் இருக்கலாம். மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அவருடைய சந்தேகத்துக்கு இடமுண்டு.