லேசான திரிபு – கடிதம்

வணக்கம் சார்,

கொரோனா திரிபுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஓமிக்ரான் லேசானது என்பதை ஹாம்ஸ்டர் எலிகளே முதலில் காட்டிக்கொடுத்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். 2022 ஜனவரியில் இதே வார்த்தைதான் எங்கள் வீட்டிலும் புழங்கியது. அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை வேறு, தடுப்பூசி போடவில்லை. இப்போது வருவது வெறும் சளிதானே என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. பொங்கல் முடிந்து காய்ச்சல் வந்தது, பதினோராம் நாள் ஆக்சிஜனிலேயே போய்விட்டார். முந்தின வருஷம் டெல்டா சமயத்தில் என் தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது. எலிக்கு வருவதை வைத்து மனிதனுக்கு எப்படிச் சொல்கிறார்கள்?

மாலதி
லாஸ்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள மாலதி,

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு என் கட்டுரையைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். ‘ஓமிக்ரான் லேசானது’ என்றுதான் இருக்கிறது. அது தப்பு. எலிகள் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சுருக்கி எழுதிவிட்டேன்.

எலிகள் என்ன சொல்லின என்பதற்கு நம் பக்கத்து விஷயத்திலிருந்தே வருகிறேன். வீராணத் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோவில் வயலில் ஒரு நெல் ரகம், விருத்தாசலம் பக்கம் மேட்டு நிலத்தில் மழையை நம்பி இன்னொரு ரகம் போட்டுவிட்டு, எது அதிகம் விளையும் என்று கேட்டால் எந்த விவசாயியும் பதில் சொல்லமாட்டார். ஒரே வயலில், ஒரே தண்ணீரில், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டுப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் மருத்துவர்களுக்கு இருந்த சிக்கலும் இதுதான். தென் ஆப்பிரிக்காவில் ஓமிக்ரான் வந்தவர்களில் சாவு குறைவாகத் தெரிந்தது, ஆனால் அங்கே முன்பே தொற்று வந்து போனவர்கள் ஏராளம், தடுப்பூசி போட்டவர்களும் உண்டு, ஆகவே வைரஸ் பலவீனமா இல்லை உடம்பு தயாராக இருந்ததா என்று மனிதர்களை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஹாம்ஸ்டர் அந்த ஒரே வயல். அதன் செல்லில் இருக்கும் ஏஸ்-2 என்ற ஏற்பியில் இந்த வைரஸ் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும், அதனால் மரபணுவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே வயது, ஒரே தீனி, தடுப்பூசி கிடையாது, முன்பு தொற்று வந்ததும் கிடையாது. மயக்கம் கொடுத்து, அளந்த வைரஸை ஒரு குழுவுக்கு இந்தத் திரிபு, இன்னொரு குழுவுக்கு அந்தத் திரிபு என்று மூக்கில் சொட்டு சொட்டாக விடுகிறார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, எனவே தினமும் தராசில் வைக்கிறார்கள். நூறு கிராம் சொச்சம் இருக்கிற பிராணி தீனியை விட்டுவிட்டுச் சுருண்டு படுத்தால் ஒரு வாரத்துக்குள் பத்து கிராம் போல இறங்கிவிடும், முந்தைய திரிபுகளில் அப்படித்தான் இறங்கியது. இடையில் சிலவற்றைக் கொன்று நுரையீரலை எடுத்து, எவ்வளவு வைரஸ், எவ்வளவு அழற்சி என்று பார்க்கிறார்கள். அந்த உயிர்களையும் நாம் மறக்கக்கூடாது.

கவாவோகா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் மற்றவர்களும் சேர்ந்து 2022 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஓமிக்ரான் ஏறிய ஹாம்ஸ்டர்களுக்கு எடை அப்படிக் குறையவில்லை, நுரையீரலில் வைரஸும் குறைவு. அதே சமயம் ஹாங்காங்கில் மனித உறுப்புத் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது, ஓமிக்ரான் மூச்சுக்குழாயில் டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகியது, நுரையீரல் திசுவிலோ முதலில் வந்த வைரஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் குறைவாகவே பெருகியது. இரண்டும் ஒத்துப்போனதால்தான் வைரஸே மாறியிருக்கிறது என்று நம்பினார்கள்.

சரி, இதில் எது இல்லை என்று பாருங்கள். அந்த எலிகள் பெரும்பாலும் இளசுகள். சர்க்கரை கிடையாது. டெல்டா ஏறினாலும் அவை பொதுவாக இரண்டு வாரத்தில் தானாகவே தேறிவிடும், ஆக சாவைக் கணக்கிட ஹாம்ஸ்டர் சரிப்படாது. மனித ஏஸ்-2 மரபணுவைப் புகுத்திய கே18 எலி சாகும்தான், ஆனால் அதில் வைரஸ் பல நேரம் மூளைக்கே ஏறிவிடுகிறது, மனிதர்கள் பெரும்பாலும் சாகிற விதம் அது இல்லை. எந்த எலியும் 74 வயதில் சர்க்கரையோடு, தடுப்பூசி இல்லாமல் கூண்டில் உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் அப்பா எப்படி இருப்பார் என்று அவற்றிடம் யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் தம்பியையும் அப்பாவையும் பக்கத்தில் வைத்து நீங்கள் கேட்டது, காட்டுமன்னார்கோவிலையும் விருத்தாசலத்தையும் ஒப்பிடுகிற மாதிரி. வைரஸும் வேறு, உடம்பும் வேறு. டெல்டா அப்பாவுக்கு வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல் என்றுதான் அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியும், அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட இல்லை. உறுப்புத் துண்டை வைத்து ஆராய்ந்த அதே ஹாங்காங்கில் சில வாரங்களில் ஓமிக்ரான் அலை அடித்து 9,000 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தடுப்பூசி முழுதாகப் போடாதவர்கள். எலி சொன்னது பொய் ஆகவில்லை, ஆனால் அந்தக் கிழவர்களுக்கு அது போதவில்லை.

நீங்கள் வற்புறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொங்கல் வாரத்தில் இங்கே மஞ்சக்குப்பம் டீக்கடையிலும் அதே பேச்சுதான், இது சளிதான் சார் என்று. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ‘டெல்டாவைவிட’ என்ற ஒரு சொல்லை யாரோ எங்கேயோ விட்டுவிட்டார்கள், மீதி மட்டும் வீடு வீடாக வந்தது. நீங்கள் நம்பியது ஊரே நம்பிய ஒன்றை. அதைத் தனியாக உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கட்டுரையில் அந்த வரியை இன்று காலை மாற்றிவிட்டேன். ‘தடுப்பூசி போடாத, நோயில்லாத ஹாம்ஸ்டர்களில், டெல்டாவைவிட ஓமிக்ரான் நுரையீரலைக் குறைவாகத் தாக்கியது’ என்று இப்போது இருக்கிறது. நீளம்தான், இருக்கட்டும்.