ஒன்றரை மணி நேர கேமுக்குக் காசு கொடுக்கலாமா?

சின்ன, நிதானமான இண்டி கேம்கள் (பெரிய நிறுவனம் இல்லாமல் தனி ஆளோ சிறு குழுவோ எடுக்கும் வீடியோ கேம்கள்) பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதை முடிவுகளை முடிந்தவரை உடைக்கவில்லை. அன்பேக்கிங், ஃப்ளோரன்ஸ் என்ற இரண்டு கேம்களில் மட்டும் முக்கியமான இடத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியவில்லை.

கல்லூரி மாணவர்: அண்ணா, அ ஷார்ட் ஹைக் என்ற கேம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். கிட்டத்தட்ட அதே காசுக்குத் தள்ளுபடியில் நூறு மணி நேர கேம் கிடைக்கிறதே?

மாதக் காசை எண்ணிச் செலவு செய்கிறவர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நூறு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிக் கூடாரத்தை இருபதாவது முறை தாக்குவது, மேப்பில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக அழிப்பது, இதெல்லாமும் அந்த நூறுக்குள் வருகிறது.

அ ஷார்ட் ஹைக் 2019ல் வந்தது. கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யு உருவாக்கியது. நீங்கள் கிளேர் என்ற ஒரு சின்னப் பறவை. ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். தீவில் சிக்னல் கிடைப்பது மலை உச்சியில் மட்டும்தான், அதனால் ஏறுகிறாள். தங்க இறகு ஒன்று கிடைத்தால் இன்னும் கொஞ்சம் உயரம் ஏறலாம், அவ்வளவுதான் விதி. எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாது. மேலே போகக் கிளம்பியவர் கடற்கரையில் மீன் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

உச்சியைத் தொட்டபின் சிறகை விரித்துக் கீழே மிதந்து வரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இதை வாங்கலாம். சறுக்கி விழுந்த பாறை, பேச்சுக் கொடுத்த ஆள், குளிரில் நடுங்கிய பனிச்சரிவு எல்லாம் காலுக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கடந்து போகும். எல்லாமே உங்களுக்குத் தெரிந்த இடங்கள். தீவு பத்து மடங்கு பெரிதாக இருந்திருந்தால் இத்தனையும் நினைவில் நின்றிருக்காது. 2020ல் ஐஜிஎஃப் என்ற இண்டி கேம் விழாவின் பெரும்பரிசு இந்தக் குட்டி கேமுக்குத்தான் கிடைத்தது.

ஐடி ஊழியர்: இந்த மாதிரி கேம்களில் தோற்கவே முடியாது. தோல்வியே இல்லாத இடத்தில் ஆழம் எங்கிருந்து வரும்?

முதலில் ஒரு திருத்தம். எல்லாமே அப்படி இல்லை. டோர்ஃப்ரொமான்டிக் என்ற கேம் பார்க்க அழகான கிராமத்து ஓவியம் மாதிரி இருக்கும். அறுகோண ஓடுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து நிலத்தை விரிக்க வேண்டும். ஆனால் கையில் உள்ள ஓடுகள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஓர் ஓட்டின் ஆறு பக்கமும் பொருந்த வைத்தால் கூடுதல் ஓடு கிடைக்கும். அதற்காக ஒரு இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருப்பதா, இப்போதே நிரப்புவதா என்று மண்டையைக் குடையும். அதன் பலகை விளையாட்டு வடிவம் 2023ல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது.

சரி, தோல்வி இல்லாததற்கே வருவோம். ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் நிறுவனம் 2021ல் வெளியிட்ட அன்பேக்கிங்கில் உங்கள் வேலை வீடு மாறியபின் பெட்டியைப் பிரித்துப் பொருளை எடுத்து வைப்பது. 1997 முதல் 2018 வரை, ஒரே பெண்ணின் எட்டு இடமாற்றங்கள். அவளை நேரில் பார்க்க மாட்டீர்கள், வசனமும் கிடையாது.

2010ல் காதலன் வீட்டுக்குக் குடி வருகிறாள். அலமாரி முழுக்க அவன் பொருள்கள். அவனுடையதை நகர்த்தி நகர்த்தித்தான் இவளுடையதற்கு இடம் பண்ண வேண்டும். கடைசியில் அவளுடைய பட்டச் சான்றிதழ் கையில் மிஞ்சும். சுவரில் மாட்ட இடமில்லை. மேசையில் வைத்தால் சிவப்புக் கோடு காட்டி மறுக்கிறது. வீடெல்லாம் தேடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறீர்கள். அங்கேதான் அது பொருந்துகிறது.

அந்த உறவு எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தள்ளிய கை உங்களுடையது. நான் ஆழம் என்று சொல்வது இதைத்தான். படத்தில் பார்த்திருந்தால் அவள்மேல் பரிதாபப்பட்டிருப்பேன். இங்கே எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. 2022ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குக் கதைசொல்லல் விருதைக் கொடுத்தது மிகச் சரி.

இல்லத்தரசி: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஃப்ளோரன்ஸ். 2018ல் வந்தது, அரை மணி நேரம்தான். ஒரு பெண்ணின் காதல் கதை, அவளாக ஆடுவது நீங்கள். காதலனோடு முதல் சந்திப்பில் பேச்சுக் குமிழியை நிறையத் துண்டுகளைப் பொருத்தி முடிக்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறையும். அப்புறம் ஒரு சண்டை. துண்டுகளின் முனைகள் கூராகிவிடும். அவன் முடிப்பதற்குள் நீங்கள் முடிக்கப் பார்ப்பீர்கள். ஏன் அவசரப்பட்டோம் என்று பிறகுதான் தோன்றும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, வெண்பா என்ற கேமை வாங்கித் தரச் சொல்கிறாள் பேத்தி. ஒன்றரை மணி நேரம்கூட வராது, விலை 15 டாலராம். நியாயமா?

ஐயா, விலை அதிகம் என்ற குறை 2023ல் அது வந்தபோதே இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள். ஆனால் கட்டாயம் வாங்குங்கள். 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தின் வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும்.

முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் திணறிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற என் அம்மா, "ஆவி போக வழி விடணும்டா" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. பேத்தியோடு உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். வானொலியில் ஒலிக்கும் பாட்டு அந்தந்தக் காலத் திரையிசை பாணியில் மாறிக்கொண்டே வருவது உங்களுக்குத்தான் அவளைவிட நன்றாகப் பிடிபடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் என்ன?

வாங்கி 14 நாளுக்குள் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பிடிக்கவில்லை, ஓடவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். ரசித்து முடித்துவிட்டுக் கேட்காதீர்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் காசு கேட்பது அது. இப்படிச் செய்தால் அடுத்த கேமை உருவாக்குபவர் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே அதை இழுப்பார்.

பட்ஜெட் பார்ப்பவர்: எதை வாங்கவே கூடாது?

வெளிர் நிறம், பூனை, மெல்லிய பியானோ, இவை மட்டுமே இருக்கும் கேமை. ட்ரெய்லரில் ஆடுபவரின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தெரியவில்லை என்றால் நகருங்கள்.

இரவுப் பணி செவிலியர்: வீட்டுக்கு வந்தால் பத்து நிமிடம்தான் கண் திறந்திருக்கும். கதை எல்லாம் ஏறாது.

உங்களுக்கு டவுன்ஸ்கேப்பர். ஆஸ்கர் ஸ்டால்பெர்க் உருவாக்கியது. இலக்கு இல்லை, கதை இல்லை, புள்ளி இல்லை. கடலைத் தட்டினால் கல்தரை, அதன்மேல் தட்டினால் வீடு. சுற்றிலும் வீடு கட்டி நடுவில் இடம் விட்டால் அது தானாகத் தோட்டமாகிவிடும். ஒலியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டடமும் முளைக்கும்போது தண்ணீரில் கல் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். தூக்கம் வந்ததும் அப்படியே மூடி வைத்துவிடுங்கள், ஊர் அங்கேயே இருக்கும்.