பாடியவர் பெயரைச் சொல்லுங்கள் – கடிதம்

அன்பின் அண்ணாவுக்கு,

கில்மிஷாவைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் அந்தப் பிள்ளை முதலிடம் பெற்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதைச் சென்னை சொல்லித்தானா நாம் அறிய வேண்டும்? எங்கள் வீட்டில் மாலையானால் இந்தியச் சீரியல்தான். ஐ.பி.எல். காலத்தில் நண்பர்கள் சென்னை அணிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு யார் யார் விளையாடுகிறார்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். கொழும்புத் தமிழருக்குச் சொந்த ரசனை என்று எதுவும் மிச்சமில்லை. இந்திய நிகழ்ச்சிகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகன், கொட்டாஞ்சேனை

அன்பின் தம்பிக்கு,

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சென்னையில் வரும் பாட்டைக் கொழும்பு வெள்ளவத்தையில் முணுமுணுப்பது நேற்று வந்த பழக்கமா? இங்கிருந்து அங்கே போனவையும் ஏராளம். ஒரு காலத்தில் தென் தமிழ்நாட்டு வீடுகளில் பொழுது விடிந்ததும் கேட்டது இலங்கை வானொலிதான். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் அக்கரையில் உள்ளவர்களுக்கும் சொந்தக்காரர் குரல் மாதிரி. அப்துல் ஹமீத் இங்கே நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர் சென்னைத் தொலைக்காட்சிக்குப் போய், அங்கேயும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சியானது.

அந்த அறிவிப்பாளர்களிடம் இருந்த ஒரு பழக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம். ஒரு பாட்டைப் போட்டால் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடமாகிவிட்டன. உள்ளூர்க் கலைஞர்களுக்கும் அதே மரியாதை கிடைத்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் வீடு வீடாகப் போனதற்கும், ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் என்று ஒரு தனி வகையே நிலைபெற்றதற்கும் அந்த ஒலிபரப்பு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அண்மையில் பம்பலப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் வந்துகொண்டிருந்தேன். வானொலியில் ஒரு பாட்டுத் தொடங்கியது. பெண் குரல், பின்னால் கிட்டாரும் மிருதங்கமும். 'கதைச்சுக்கொண்டு' என்ற சொல் வந்ததுமே நம்மவர் பாட்டு என்று தெரிந்துவிட்டது. சாரதியும் சத்தத்தைக் கூட்டினார். "ஆர் அண்ணை பாடினது?" என்று என்னிடம் கேட்டார். அறிவிப்பாளர் சொல்வார், கேட்போம் என்றேன். இரண்டாவது சரணத்தின் நடுவிலேயே பாட்டு அறுந்தது. ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு நகைக்கடை விளம்பரம், அடுத்த சினிமாப் பாட்டு. பெயர் வரவேயில்லை. அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு பாட்டு, யார் பாடியது என்று தெரியாமலே காலி வீதியில் (Galle Road) போய்விட்டது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இந்திய நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டால் மட்டும் அந்தப் பாடகியின் பெயர் தெரிந்துவிடுமா?

விளையாட்டிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து இளைஞர் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் முதல் போட்டித் தொடரிலேயே யாழ்ப்பாண அணிக்குச் சுழற்பந்து வீசினார். 2024 இல் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஹசரங்கவுக்குப் பதிலாக ஐ.பி.எல்.லின் ஹைதராபாத் அணி அவரை அழைத்த பிறகுதான் உங்கள் நண்பர்கள் அவரைத் தேடியிருப்பார்கள். இத்தனைக்கும் 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தடவை கிண்ணம் வென்ற அணி அது. 2022 இறுதியாட்டத்தில் கெத்தாராமை மைதானத்தில், கொழும்பு அணியை அதன் சொந்த ஊரிலேயே தோற்கடித்தது. சொந்தமாக எதுவும் இல்லை என்கிறீர்கள். கொழும்பு பொரளையில் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் இருக்கிறதே! 1982 இல் இலங்கையின் முதல் டெஸ்ட் அங்குதான் நடந்தது. 1985 இல் முதல் டெஸ்ட் வெற்றியும் அங்குதான். முரளிதரன் ஆடிய கழகம் அது.

எனக்கு அதிகம் வலிப்பது வலைப்பந்தாட்ட (நெட்போல்) வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் விடயம். வலைப்பந்தாட்டம் சென்னையில் பேசப்படும் விளையாட்டு அல்ல, ஆகவே அவரைப் பற்றி நமக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. 2018 இல் சிங்கப்பூரை அதன் மண்ணிலேயே வென்று இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது கோல் வளையத்துக்குக் கீழே நின்றவர் அவர். அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஆறடி பத்தங்குல உயரம். இரண்டு தடுப்பாளர்கள் துள்ளியும் எட்டாத இடத்தில் பந்தை இரு கைகளாலும் பிடிக்கிறார், கீழே இறக்குவதேயில்லை, அப்படியே திரும்பி மணிக்கட்டை மெல்ல மடக்குகிறார். பந்து வளையத்தில் படாமல் இறங்குகிறது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் கொலிங்வுட் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. நம் செய்தியறிக்கைகளில் அவருக்குக் கிடைத்தது வானிலைக்கு முந்திய சில விநாடிகள்.

சீரியல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வாழும் நான்கு குடும்பங்களை வைத்து யாராவது ஒழுங்காக ஒரு நாடகம் எடுத்தால் உங்கள் வீட்டாரும் அதைத்தான் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

பாட்டுப் போட்டிகளில் எனக்கு ஒரு குறை உண்டு. இங்கிருந்து போகும் பிள்ளையிடம் போரையும் இழப்பையும் பற்றிக் கேட்டு, அரங்கம் அழுத பிறகுதான் சுருதியைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளை உழைத்தது பாட்டின் சங்கதிகளுக்காக, அதன் நுணுக்கமான சுர அசைவுகளுக்காக. முதலில் அதைப் பற்றிப் பேசட்டும். நாமும் அவளைப் பாராட்டும்போது அப்படியே பேசுவோம்.

வானொலி நிலையங்களுக்குத் தொலைபேசியில் விருப்பப் பாடல் கேட்கும் வசதி இன்னும் இருக்கிறது. ஓர் உள்ளூர்ப் பாட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒலிபரப்பும்போது பாடியவர், எழுதியவர் பெயர்களையும் சொல்லும்படி வற்புறுத்துங்கள். யாழ்ப்பாண அணி அடுத்த முறை கெத்தாராமையில் ஆடும்போது அந்த நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பிடித்த நம்மூர்ப் பாடல்கள் சிலவற்றை, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் விவரங்களோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.