பென்சில் பாக்ஸில் சாக்லேட் காகிதம்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 28 கிலோ. என் கணவருக்கு 36 வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மகனுக்கும் வந்துவிடக் கூடாது என்று அவனுடைய மூன்று வயதிலிருந்தே இனிப்பு, பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. மூன்று வேளையும் அளந்துதான் பரிமாறுகிறேன். என்ன சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்போம். பள்ளியிலிருந்து வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பேன். அப்படியும் போன வாரம் அவன் பென்சில் பாக்ஸில், ஸ்கேலுக்கு அடியில், ஏழு சாக்லேட் காகிதங்கள் தபால்தலை அளவுக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தன. நண்பனின் பிறந்தநாளுக்குப் போனவன், கேக்கை அளவில்லாமல் தின்றுவிட்டுத் திரும்பும் வழியில் வாந்தி எடுத்தான். இனிப்பு சாப்பிட்ட அன்று அவன் போடும் ஆட்டம் தாங்க முடிவதில்லை. கணவர்கூட இனிப்பு ஆசை வந்தால் மகன் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறார். அவனுக்கு அது தெரியாது. இது ஒருவித அடிமைத்தனமா? நான் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் சாப்பிடுவது, சாப்பிடும் அளவு, எடை எல்லாம் அதில் இருக்கிறது. ‘பசி’ என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 132 செ.மீ. உயரத்துக்கு 28 கிலோ என்றால் உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் பி.எம்.ஐ.) 16. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் 9 வயதுப் பையன்களுக்கான நடுக்கோடு ஏறக்குறைய அங்கேதான் ஓடுகிறது. உயரமும் நடுவில்தான். அதாவது, உங்கள் மகனின் உடம்பில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏறுவது இயல்பு. வாரத்துக்குச் சராசரியாக நாற்பதிலிருந்து அறுபது கிராம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே 200 கிராம் கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தராசு உங்களுக்கு என்ன சொல்லிவிடப் போகிறது? அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

அடிமைத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆறு வருடமாகக் கண்ணில் காட்டாத பொருள் ஒருநாள் கைக்கெட்டினால் யாரும் அப்படித்தான் தின்பார்கள். ‘இன்றைக்கு விட்டால் இனி எப்போதோ’ என்ற கணக்கு அது. ஒளித்துத் தின்பவன் அவசரமாகவும் தின்பான். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம்போல ஆகும். மாட்டிக்கொள்வோமோ என்று மெல்லாமல் விழுங்குகிறவனுக்கு ஏது 20 நிமிடம்? பல்லுக்கும் இந்த வழிதான் அதிகக் கெடுதல். சொத்தைப் பல்லைப் பொறுத்தவரை மொத்தம் எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை தடவை இனிப்பு பல்லில் படுகிறது என்பது முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற ஒரு சாக்லேட்டைவிட, பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்ற சாக்லேட் பல்லை அதிகம் அரிக்கும்.

அமெரிக்காவில் லியான் பர்ச், ஜெனிஃபர் ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்கள். ஒன்றை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு ஜாடிக்குள், மூடி போட்டு, மேசை நடுவில். கொஞ்ச நேரம்தான் திறப்பார்கள். குழந்தைகளின் பேச்சு, கெஞ்சல், கை நீட்டல் எல்லாமே அந்த ஜாடியைச் சுற்றித்தான். பிறகு அதே ஆய்வாளர்கள் ஒரு கூட்டம் பெண் குழந்தைகளை 5 வயதிலிருந்து 9 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து வயதில் தாய் அதிகமாகக் கட்டுப்படுத்திய பிள்ளைகள், பின்னாளில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் தின்பண்டம் கண்ணில் பட்டால் கூடுதலாகத் தின்றார்கள். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: இயல்பிலேயே தின்பண்ட ஆசை அதிகமுள்ள பிள்ளையைத்தான் தாய் அதிகம் கட்டுப்படுத்துவார் என்பதும் உண்மை. எது முதலில் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பூட்டு போட்டதால் ஆசை குறைந்தது என்று எந்தப் பக்கமும் தெரியவில்லை.

இனிப்பு தின்றால் ஆட்டம் போடுகிறான் என்பதை நானே என் வீட்டில் சொல்லியிருக்கிறேன், அதனால் சிரிக்க மாட்டேன். 1994-இல் ஒரு சோதனை நடந்தது. ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்களின் அம்மாக்களில் ஒரு பாதியினரிடம் ‘உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்றார்கள். உண்மையில் எந்தப் பையனுக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. சர்க்கரை என்று நம்பிய அம்மாக்கள் பையன் அடங்கவில்லை என்று மதிப்பெண் போட்டார்கள். அதோடு, அவர்கள்தான் பையனை ஒட்டியே நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள். அடுத்த வருடம் இதுபோன்ற சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோதும், சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பிறந்தநாள் வீட்டில் இருபது பிள்ளைகள் சேர்ந்தால் வெறும் தண்ணீர் குடித்தாலும் ஆட்டம்தான்.

வாயை முகர்ந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பள்ளியில் அன்று யாரோ அடித்திருக்கலாம், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்திருக்கலாம். வாசலில் அவன் முதலில் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் மெதுவாக மாற்றலாம், இது இன்றைக்கே.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு சிறுமியைக் கூட்டி வந்தார்கள். பத்து வயதிருக்கும். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அதில் வியப்பில்லை, பல பிள்ளைகள் அப்படித்தான். அப்புறம், ‘இப்போ பசிக்குதா?’ என்று கேட்டேன். அதற்கும் அம்மாவைப் பார்த்தாள்.

பசியும், ‘போதும்’ என்ற உணர்வும் குழந்தை பிறக்கும்போதே கூட வருபவை. பால் குடிக்கும் கைக்குழந்தை வயிறு நிறைந்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அதற்கு யார் அளவு சொல்லிக் கொடுத்தார்கள்? 1920-களின் கடைசியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பால் மறக்கும் வயதிலிருந்த 15 குழந்தைகளைத் தாங்களாகவே உணவைத் தேர்ந்தெடுக்கவிட்டார். இன்றைக்கு அப்படி ஓர் ஆய்வுக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள், அது வேறு கதை. மொத்தம் முப்பத்துச் சொச்சம் உணவுகள்: இறைச்சி, முட்டை, பால், தானியம், காய், பழம். தட்டு முன்னால் இருக்கும். செவிலியர் கையில் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒன்றைச் சுட்டினால்தான் எடுத்து ஊட்டலாம். எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு வேளை பார்த்தால் தலையும் வாலும் புரியாது. ஒரு குழந்தை முட்டையாகவே தின்னும், இன்னொன்று பழமாகவே தின்னும். மாதக்கணக்கில் பார்த்தால் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. இதைப் படித்துவிட்டு, குழந்தை இஷ்டத்துக்கு விட்டுவிடலாம் என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தட்டில் சர்க்கரையோ இனிப்புப் பண்டமோ கிடையாது. தட்டில் என்ன என்பதைப் பெரியவர்தான் முடிவு செய்தார். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்தது.

எலின் சேட்டர் என்ற உணவியல் நிபுணர் பிறகு இதையே பெற்றோருக்கான வேலைப் பிரிவினையாகச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. அதில் எதைத் தொடுவது, எவ்வளவு தின்பது என்பது அவன் பொறுப்பு. நீங்கள் உங்கள் பங்கை நன்றாகவே செய்கிறீர்கள். அவன் பங்கையும் சேர்த்துச் செய்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். வாயிலில் காவல் இருக்கலாம் அம்மா, வாய்க்குக் காவல் கூடாது.

அதனால் வீட்டில் குளிர்பானம் வாங்குவதில்லை என்ற விதியை மாற்ற வேண்டாம். 330 மி.லி. கோலாவில் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. 2 முதல் 18 வயதுவரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், சுமார் ஆறு டீஸ்பூன், இருக்கட்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்னது. ஒரே கேனில் அது தாண்டிவிடுகிறது. ஆனால் அவர்களும் பூஜ்யம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பூஜ்யம் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத்தான்.

சர்க்கரை நோய் பயம் நியாயமானது. பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அந்த ஆபத்தை ஏற்றிவிடுவது வருடக்கணக்கில் சேரும் கூடுதல் எடை, ஓடி ஆடாமை, தினமும் குடிக்கும் இனிப்புப் பானம் போன்றவை. வாரத்தில் ஓரிரு நாள் தின்னும் சாக்லேட் அந்த நோயைக் கொண்டுவந்துவிடாது. அவனை மாலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது நோட்டு எழுதுவதைவிடப் பலமான தடுப்பு.

இனி செய்ய வேண்டியது. காகிதங்களைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசுங்கள், விசாரணையாக வேண்டாம். ‘பென்சில் பாக்ஸ்ல பேப்பர் பார்த்தேன் கண்ணா. திட்ட மாட்டேன். இனிமே ஒளிச்சு வைக்க வேண்டாம், வீட்லயே சேர்ந்து சாப்பிடலாம்.’ இவ்வளவு போதும். யார் கொடுத்தது, காசு ஏது என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை சிற்றுண்டி என்று நேரத்தை நிலையாக வையுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். பாத்திரத்தை மேசையில் வைத்து அவனே போட்டுக்கொள்ளட்டும். போதும் என்றால் போதும், இன்னும் வேண்டும் என்றால் இன்னும். ‘காயைத் தின்றால்தான் சாக்லேட்’ என்ற பேரம் வேண்டாம். அதில் காய் தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் ஆகிவிடுகிறது. புதிய காயைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். அதுவரை தட்டில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சாப்பாட்டோடு ஒரு துண்டு இனிப்பு, அறிவிப்பில்லாமல், மற்ற பதார்த்தங்களில் ஒன்றாக. எப்போதாவது ஒரு மாலை, பிஸ்கட்டோ ஐஸ்கிரீமோ, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்று உட்காரவையுங்கள், நீங்களும் உட்காருங்கள். முதல் சில வாரங்கள் உங்களுக்குப் பகீரென்று இருக்கும். அள்ளி அள்ளித் தின்பான். இது இனி ஓடிவிடாது என்று அவன் நம்பும்வரை அப்படித்தான். அந்த வாரங்களில் மறுபடி பூட்டிவிட்டால், அவன் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

கணவர் இரவில் சாப்பிடுவது மகனுக்குத் தெரியாது என்கிறீர்கள். காகிதத்தைத் தபால்தலையாக மடிக்கத் தெரிந்த பையனுக்கா? அவரையும் மேசைக்கு வரச் சொல்லுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தார் என்றும் கேளுங்கள். இந்த வீட்டில் கணக்கு வைக்க வேண்டிய சர்க்கரை அவருடையதுதான்.

இன்சுலின் ஊசி தேவைப்படும் முதல் வகை நீரிழிவு, கோதுமை போன்றவற்றிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், வேர்க்கடலை போன்றவற்றுக்குக் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே கண்காணிப்பே மருந்து. உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை என்று வைத்துத்தான் எழுதுகிறேன். அவன் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, தின்றுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ, எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட மறுத்தாலோ, தன் உடம்பைத் தானே கேவலமாகப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்பது தவறு.

மற்றபடி ஆறு மாதம் கழித்து ஒரு தடவை உயரமும் எடையும் பார்த்தால் போதும். போகும்போது நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மருத்துவர் அவனிடம் பசிக்குதா என்று கேட்டால், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.