ஓப்பன்எல்டாப் சான்றிதழை மாற்ற கான்ஃபிக் ஃபைலைத் திறக்காதீர்கள்

கேள்வி: ஆபீஸ் உபுண்டு சர்வரில் எல்லாருடைய லாகினும் ஓப்பன்எல்டாப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர்) வழியாகத்தான். அதன் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்யும்) சான்றிதழ் காலாவதியாகப் போகிறது. ஸ்லாப்டி.டி ஃபோல்டரில் இருந்த கான்ஃபிக் ஃபைலை விம்மில் திறந்து புதிய சான்றிதழின் பாதையைப் போட்டேன், இப்போது லாகில் செக்சம் எரர் (ஃபைலின் உள்ளடக்கம் சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை) வருகிறது. சரியான வழி என்ன?

முதலில் பழைய வரியை ஒரு எழுத்துகூட மாறாமல் திரும்பப் போடுங்கள், செக்சம் எரர் போய்விடும். அந்த ஃபைலின் தலையிலேயே 'இதைக் கையால் திருத்தாதே, எல்டாப்மாடிஃபை பயன்படுத்து' என்று எழுதியிருக்கும் (எல்டாப்மாடிஃபை என்பது ஓடும் சர்வரின் தகவலை மாற்றும் கட்டளை). ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராம்) தன் கான்ஃபிக்கை மெமரியில் வைத்திருக்கிறது, நீங்கள் டிஸ்கில் திருத்தியது அதற்குத் தெரியவே தெரியாது, அடுத்த முறை அது எழுதும்போது உங்கள் திருத்தம் அழிந்தும் போகலாம்.

சரி, இனி வேலை. எதையும் தொடுவதற்கு முன் ரூட்டாக ஸ்லாப்கேட்டை (டேட்டாபேஸை டெக்ஸ்டாக வெளியே எடுக்கும் கட்டளை) டேட்டாபேஸ் எண் 0 கொடுத்து ஓட்டி, வருவதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். 0 என்பது கான்ஃபிக், 1 பெரும்பாலும் உங்கள் பயனர் தகவல். இரண்டையுமே எடுத்து வைப்பது நல்லது.

அப்புறம் ஒரு சின்ன எல்டிஃப் ஃபைல் (எல்டாப் தகவலையும் மாற்றங்களையும் எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) எழுதுங்கள். சான்றிதழ், அதன் ரகசியச் சாவி இரண்டின் பாதையையும் ஒரே திருத்தத்தில், நடுவே தனி வரியில் ஒரு சிறு கோடு (-) வைத்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதிய சான்றிதழும் பழைய சாவியும் பொருந்தாமல், எரர் 80 என்று காரணமே சொல்லாத ஒரு பதில் வரும், பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். இடைவெளிகளையும் கவனியுங்கள்: எல்டிஃபில் ஒரு வரி இடைவெளியோடு தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி, பாதையின் கடைசியில் தெரியாமல் விழுந்த இடைவெளியும் பாதையின் பகுதியாகிவிடும்.

அதை எல்டாப்மாடிஃபையில், எக்ஸ்டர்னல் முறையில், எல்டாப்பிஐ சாக்கெட் (அதே மெஷினுக்குள் மட்டும் வேலை செய்யும் இணைப்பு) வழியாக ரூட்டாகக் கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்காது, அந்த சாக்கெட்டில் வருவது ரூட் என்பதை ஸ்லாப்டி தானே கண்டுகொள்ளும், உபுண்டு பேக்கேஜ் ரூட்டுக்கு அந்த உரிமையைக் கொடுத்தேதான் நிறுவுகிறது. ரீஸ்டார்ட் தேவையில்லை, மாற்றம் உடனே அமலாகும். பாதை அதேதான், உள்ளே இருக்கும் சான்றிதழ் மட்டும் புதிது என்றால் எல்டிஃபே வேண்டாம், ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

இதற்கும் மேல் எரர் 80 வந்தால் சாவி ஃபைலை ஓப்பன்எல்டாப் என்ற யூசரால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், படிக்க முடிந்தும் வந்தால் ஆப்ஆர்மர் (எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு) தடுக்கிறதா என்று கர்னல் லாகில் தேடுங்கள். அவசரத்தில் சாவிக்கு எல்லாருக்குமான அனுமதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஆபீஸ் முழுவதின் பாஸ்வேர்டும் அந்தச் சாவியை நம்பித்தான் போய்வருகிறது.

எல்லாம் கெட்டுப்போய் ஸ்லாப்டி எழவே இல்லை என்றால், ஸ்லாப்டி.டி ஃபோல்டரை வேறு பெயருக்கு நகர்த்தி, காலியாகப் புதிது உருவாக்கி, சேமித்த எல்டிஃபை ஸ்லாப்ஆட் (ஸ்லாப்கேட் எடுத்ததைத் திரும்ப ஏற்றும் கட்டளை) மூலம் எண் 0-வில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு ஃபோல்டரின் உரிமையாளரை ஓப்பன்எல்டாப் யூசருக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.