முதலில் வெளுத்தது எந்த இலை?

வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?" என்றே தொடங்குகின்றன. எந்த இலை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்து வாசகி ஒருவர் மட்டும் எழுதியிருக்கிறார். அவருக்கே முதல் பதில்.

கேள்வி: வீட்டு வாசலில், சிமெண்டுத் தொட்டியில் இட்லிப்பூச் செடி வைத்திருக்கிறேன். தளிர்கள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. இருமுறை யூரியா போட்டும் பயனில்லை.

பதில்: யூரியா தரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால், செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். எனவே அடியிலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. தளிரில் மஞ்சள் பரப்பின்மேல் பச்சை வலை விரித்ததுபோல் தெரிந்தால், முதல் சந்தேகம் இரும்பின் மீதுதான். யூரியாவை மூட்டையாகக் கொட்டினாலும் தீராது. (நானும் ஒரு காலத்தில் கொட்டியவன்தான்.)

மண்ணில் இரும்பே இல்லை என்பதல்ல. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது, காரத்தில் இரும்பு கரையாமல் முடங்குகிறது. இட்லிப்பூவோ புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கடையில் கீலேட் இரும்பு (இரும்பு முடங்காமல் ஒரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் உரம்) என்று கேட்டால் பெரும்பாலும் ஈடிடிஏ (EDTA) வகை கிடைக்கும், மண்ணின் புளிப்பு-கார அளவான பிஎச் 6.5ஐத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும். ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்கி, கரைத்து மண்ணில் ஊற்றுங்கள். இலையில் தெளித்தால் தெளித்த இலை பச்சையாகும், அடுத்த தளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும். கூடவே பிளாஸ்டிக் தொட்டிக்கும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வேரைப் பாருங்கள். பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தால், தேங்கிய நீர்தான் காரணம். அழுகிய வேருக்கு எந்த இரும்பும் எட்டாது.

கேள்வி: கிராஞ்சியில் எங்கள் பசுமைக்குடிலில் அந்தூரியத்தின் இளம் இலைகள் விரியும்போதே ஓரம் கருகுகின்றன. கால்சியம் நைட்ரேட் கொடுத்தும் நிற்கவில்லை.

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள். கால்சியம் நீரோட்டத்தோடுதான் மேலேறும். இலை நீராவியை வெளியே விட்டால்தான் நீர் ஏறும். காற்றசையாத குடிலில் ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும்போது இலை எதையும் விடுவதில்லை. மின்விசிறி போட்டுப் பாருங்கள். தேங்காய் நார்த்தூளில் நட்டிருக்கிறீர்களா? பதப்படுத்தாத நார் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கருகுவது முதிர்ந்த இலை என்றால் கதை வேறு: அது பெரும்பாலும் உப்பு மிகுதி.

கேள்வி: மூன்று, நான்கு மாதம் வரும் என்று உறையில் அச்சிட்டிருந்த, மெதுவாகச் சத்தை விடும் உர மணிகள் இரண்டு மாதத்திலேயே வெற்றுக்கூடாகிவிட்டன. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று இல்லை, தட்பவெப்பம். இத்தகைய மணிகளில் குறிப்பிடும் காலம் பொதுவாக 21 பாகை செல்சியஸ் கணக்கு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 27 பாகைக்கு மேல். சூடு ஏற ஏறச் சத்து விரைவாகக் கசியும். அளவைக் கூட்டாதீர்கள், இடைவெளியைக் குறையுங்கள்.

கேள்வி: தொட்டி மண்ணில் வெள்ளைப் படலம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, தாழ்வாரத்தில் நீர் ஊற்றிக் கழுவினால் கீழ்வீட்டார் கோபிக்கிறார்.

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று, உப்புப் படிந்த அந்த மேல்படலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். அடித்தட்டில் நீர் நின்றால் உப்பு திரும்ப மேலேறும், டெங்குக் கொசுவும் முட்டையிடும். தட்டை உடனே கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: பகல் இரண்டு மணிக்கு இலைவழி உரம் தெளித்தேன். மறுநாள் இலை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

பதில்: வெயிலில் துளி நொடியில் காய்ந்து, உப்பு மட்டும் இலைமேல் தங்கிவிட்டது. அந்தப் புள்ளிகள் மறையமாட்டா. இனிக் காலை ஒன்பதுக்கு முன், பாதி அளவில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள்.